பாஸ்கர்வில் என்ற பெயர் எங்கிருந்து வந்தது, எங்கெல்லாம் போனது?

கேள்வி இது: ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் வரும் பாஸ்கர்வில் குடும்பம் நிஜமாகவே இருந்ததா, அல்லது ஆர்தர் கோனன் டாயில் தானாக உண்டாக்கிய பெயரா? வேல்ஸில் பாஸ்கர்வில் ஹால் என்று ஒரு ஹோட்டல் இருக்கிறது. பர்மிங்ஹாமில் பாஸ்கர்வில் ஹவுஸ் இருக்கிறது. ஆப்பிள் கணினியில் பாஸ்கர்வில் என்ற எழுத்துரு இருக்கிறது. இதெல்லாம் நாவலைப் பார்த்து வைத்த பெயர்களா?

சுருக்கமாகச் சொன்னால், குடும்பம் நிஜம். நாவல் வருவதற்கு எட்டு நூற்றாண்டுக்கு முன்பே இங்கிலாந்தில் வேர் பிடித்த குடும்பம். எழுத்துரு, நாவலைவிட ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. ஹோட்டலாக இருக்கும் கட்டடமும் டாயில் பிறப்பதற்கு முன்பு எழுந்ததுதான். ஆனால் நாவலுக்குள் இந்தப் பெயர் எப்படி நுழைந்தது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. எனக்கு எது சரியென்று படுகிறது என்பதையும் சொல்கிறேன். நாவலை இன்னும் படிக்காதவர்கள் ஒன்றைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பெயரைப் பற்றிப் பேசினால் கொலைகாரன் யார் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

முதலில் குடும்பம். 1066-இல் பிரான்சிலுள்ள நார்மண்டியிலிருந்து வில்லியம் படையெடுத்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தபோது, அவரோடு வந்தவர்களில் பலர் தாங்கள் விட்டுவந்த ஊரின் பெயரையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். உ.வே.சாமிநாதையர் பெயரின் முதல் எழுத்து உத்தமதானபுரத்தைக் குறிப்பது மாதிரிதான் இதுவும். ஆனால் நம் தலைப்பெழுத்துகள் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். நார்மன் பிரபுக்களின் ஊர்ப்பெயரோ நிலத்தோடு சேர்ந்து மகனுக்கும் பேரனுக்கும் இறங்கியது. சில தலைமுறைகளில் குடும்பப் பெயராகவே கெட்டிப்பட்டுவிட்டது. பாஸ்கர்வில் அப்படி வந்த பெயர். நார்மண்டியில் இதற்கு மூலமாக போஷெர்வில் என்ற ஊரைச் சொல்வார்கள். பாக்வில் என்ற ஊரைச் சொல்பவர்களும் உண்டு.

இந்தக் குடும்பம் காலூன்றிய இடம், இங்கிலாந்தும் வேல்ஸும் உரசிக்கொள்ளும் எல்லைப்பகுதியான ஹெரிஃபோர்ட்ஷயரில் உள்ள எர்ட்ஸ்லி. 1086-இல் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்பில் இந்த ஊர் இருக்கிறது. ரோஜர் தெ லேசி என்ற பெரிய பிரபுவின் நிலம் அது. காட்டின் நடுவே காவலுள்ள வீடு ஒன்று இருப்பதாக அந்தக் கணக்கு சொல்கிறது. பாஸ்கர்வில்கள் லேசிகளின் கீழே நிலம் வைத்திருந்தவர்கள். எல்லைச் சண்டைக்கு ஆள் கொடுப்பது அவர்கள் கடமை.

எர்ட்ஸ்லிக்குப் போக வாய்த்தால் அங்குள்ள தேவாலயத்தில் ஒரு பொருளை நிதானமாகப் பாருங்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் கல்தொட்டி அது. 12-ஆம் நூற்றாண்டு வேலை. சுற்றிலும் கயிறு பின்னியதுபோல வரிவரியாகக் கொடிகள், ஒரு பெரிய சிங்கம், கிறிஸ்து ஓர் ஆளைக் கையைப் பிடித்து இழுத்து மீட்கும் காட்சி. இவற்றுக்கு நடுவே இரண்டு வீரர்கள் சண்டை போடுகிறார்கள்: ஒருவன் கையில் வாள், மற்றவன் கையில் ஈட்டி, அந்த ஈட்டி எதிராளியின் தொடையில் பாய்கிறது. கூம்பு வடிவத் தலைக்கவசமும் வரி வரியான உடுப்புமாக, கொடிகளுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இது ரால்ஃப் தெ பாஸ்கர்வில்லும் அவருடைய மாமனாரும் நிலத்தகராறில் மோதிக்கொண்டதைக் காட்டுவது என்பது உள்ளூர் வழக்கு. அது உண்மையோ இல்லையோ, 850 ஆண்டாக அந்த ஊர்க்காரர்கள் குழந்தைக்குப் பெயர் சூட்டுகிற தொட்டியில் ஒரு சொத்துச் சண்டை செதுக்கியிருக்கிறது என்று சொல்லும் வழக்கே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பின்னால் டாயில் எழுதியதும் சொத்துக் கதைதான்.

குடும்பம் ஏறியும் இறங்கியும் வந்தது. ஃபிரான்சிஸ் டிரேக்கின் கடைசிக் கடற்பயணத்தில் தரைப்படைக்குத் தலைமை தாங்கியவர் சர் தாமஸ் பாஸ்கர்வில். 1596 ஜனவரியில் பனாமா கரையோரம் டிரேக் இறந்ததும் கப்பல்களை ஊர் கொண்டுவந்து சேர்த்தது அவர்தான். அப்புறம் 17-ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரில் எர்ட்ஸ்லிக் கோட்டை எரிந்தது. மிஞ்சியது வாயில் கட்டடம் மட்டும். அதற்குள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் வறுமையில் வாழ்ந்ததாக 1670 வாக்கிலான குறிப்பு சொல்கிறது. இன்று அங்கே மண்மேடும் அகழியும்தான்.

அடுத்தது ஊர்ப்பெயர்கள். கேள்வியின் இந்தப் பகுதிக்குச் சரியான பதில் தெரிய வேண்டுமென்றால் இங்கிலாந்தில் பரவலாக உள்ள ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டோக், பவி, ஆஸ்டன் என்று ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும். குழப்பத்தைத் தீர்க்க, அந்த நிலத்துக்குச் சொந்தக்காரக் குடும்பத்தின் பெயரை வாலாகச் சேர்த்தார்கள். மேலே சொன்ன லேசி குடும்பத்தின் பெயர் ஹெரிஃபோர்ட்ஷயரில் ஸ்டோக் லேசி, மேன்செல் லேசி, ஹோம் லேசி என்று இன்றும் நிற்கிறது. பக்கத்து மாவட்டமான ஷ்ராப்ஷயரில் கிளியோபரி மார்ட்டிமர். தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் பெரி போமராய், சாம்ப்ஃபோர்ட் கோர்ட்னி, சாம்ப்ஃபோர்ட் பெவரல். அதாவது நார்மண்டி ஊர் ஒன்று குடும்பப் பெயராகி, அந்தக் குடும்பப் பெயர் மறுபடி இங்கிலாந்தில் ஊராகியிருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம், டாயில் தன் நாவலில் இதே முறையைக் கையாள்கிறார். கதை நடக்கும் டெவனின் டார்ட்மூர் பகுதியில் கூம் டிரேசி என்று ஒரு சிறு நகரம் வரும். அப்படி ஓர் ஊர் கிடையாது. ஆனால் அந்தப் பக்கம் பவி டிரேசி என்ற நிஜமான நகரம் உண்டு. டிரேசி என்பது அந்த நிலத்தை ஆண்ட குடும்பம். கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டை 1170 டிசம்பரில் தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிக்கொன்ற நான்கு வீரர்களில் ஒருவர் வில்லியம் தெ டிரேசி. அந்தக் குடும்பம்தான் இது. பள்ளத்தாக்கைக் குறிக்க டெவனில் எங்கும் வழங்கும் கூம் என்ற சொல்லை எடுத்து, நிஜக் குடும்பம் ஒன்றின் வாலை ஒட்டி, டெவன்காரரே ஏமாறும்படி ஓர் ஊரைப் படைத்திருக்கிறார். கதையில் வரும் கிரிம்பன் சதுப்பும் அப்படித்தான்: டார்ட்மூரில் கிரிம்ஸ்பவுண்ட் என்ற வெண்கலக் காலக் குடியிருப்பின் எச்சம் உண்டு, அந்தப் பெயரின் சாயலைக் கொஞ்சம் திருப்பி வைத்திருக்கிறார்.

இப்போது நாவலுக்கு வருவோம். ‘தி ஹவுண்ட் ஆஃப் த பாஸ்கர்வில்ஸ்’ 1901 ஆகஸ்டிலிருந்து 1902 ஏப்ரல் வரை ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் தொடராக வந்தது. முன்னோர் ஹ்யூகோ செய்த பாவத்துக்காக ஒரு பேய்நாய் பாஸ்கர்வில் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் துரத்துகிறது என்ற சாபம்தான் கதையின் கரு. கதையின் பொறியைக் கொடுத்தவர் பெர்ட்ரம் ஃப்ளெட்சர் ராபின்சன் என்ற இளம் பத்திரிகையாளர். தென்னாப்பிரிக்கப் போரிலிருந்து 1900-இல் திரும்பும் கப்பலில் டாயிலுக்கு அவர் பழக்கமானார். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் வழங்கும் பழங்கதையொன்றை அவர் சொன்னதிலிருந்துதான் இது பிறந்தது என்று புத்தகத்தின் சமர்ப்பணத்திலேயே டாயில் நன்றி சொல்லியிருக்கிறார். ராபின்சனின் வீடு டார்ட்மூருக்குக் கிழக்கே இப்பிள்பென் என்ற கிராமத்தில். டார்ட்மூரை நேரில் பார்க்க 1901-இல் டாயில் அங்கே வந்தார்.

ராபின்சன் வீட்டுக் குதிரைவண்டிக்காரரின் பெயர் ஹாரி பாஸ்கர்வில்.

அநேகமாக விஷயம் இங்கேயே முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து. மூடுபனியும் சதுப்புமாகக் கிடக்கும் நிலத்தில் வண்டியோட்டிப் போனவரின் பெயர் அது. புத்தகம் வந்ததும், பெயரை எடுத்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டு ராபின்சன் கையெழுத்திட்ட பிரதி ஒன்று ஹாரிக்குப் போயிருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஹாரி என்பது ஹென்றி என்ற பெயரை வீட்டில் சுருக்கிக் கூப்பிடுவது. நாவலில் கனடாவிலிருந்து வந்து சொத்தையும் சாபத்தையும் ஏற்கும் வாரிசின் பெயர் சர் ஹென்றி பாஸ்கர்வில். வண்டிக்காரரின் முழுப்பெயரே பிரபுவின் பெயராகியிருக்கிறது. ஹாரி 1962 வரை வாழ்ந்தார். இந்தக் கதையில் ராபின்சனின் பங்கு வெளியே தெரிந்ததைவிடப் பெரியது என்று கடைசிவரை சொல்லிவந்தார். அந்த வாதம் தனி. ராபின்சன் 1907-இல் 36 வயதிலேயே இறந்துவிட்டதால் அவர் தரப்பைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

சரி, அப்படியானால் வேல்ஸ் ஹோட்டல்? அதையும் லேசில் தள்ள முடியாது. பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன ஹே-ஆன்-வை நகரத்துக்கு அருகில் கிளைரோ என்ற கிராமம் இருக்கிறது. பாஸ்கர்வில் குடும்பத்துச் சொத்து அங்கே இருந்தது. தாய்வழி உறவில் அதைப் பெற்ற தாமஸ் மைனர்ஸ் என்பவர் பாஸ்கர்வில் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு, 1839 வாக்கில் அங்கே மாளிகை கட்டினார். சொத்து வேண்டுமென்றால் பெயரைச் சுமக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பிரபுக் குடும்பங்களில் சாதாரண ஏற்பாடு. அப்போது அதற்குப் பெயர் கிளைரோ கோர்ட். பாஸ்கர்வில் ஹால் என்ற பெயர் பின்னால் வந்தது, அதுவும் நாவலின் புகழால்தான். ஊர் மதுவிடுதிக்கும் பாஸ்கர்வில் ஆர்ம்ஸ் என்று பெயர்; 1870-களின் தொடக்கத்தில் அங்கே உதவிப் பாதிரியாக இருந்த ஃபிரான்சிஸ் கில்வர்ட்டின் நாட்குறிப்பில் அது ‘ஸ்வான்’ என்ற பழைய பெயரோடு வருகிறது.

கிளைரோ தரப்பு சொல்வது: டாயில் இந்தக் குடும்பத்துக்கு நண்பர், இங்கே தங்கினார், உள்ளூர்க் கருநாய்க் கதையைக் கேட்டார், விருந்தினர் கூட்டம் வந்து மொய்க்கக் கூடாதென்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் கதையை டெவனுக்கு மாற்றினார். இதற்குச் சாதகமான விஷயங்கள் நிறையவே இருக்கின்றன. அதே எல்லைப்பகுதியில் கிங்டன் ஊருக்கு வெளியே ஹெர்கெஸ்ட் கோர்ட் என்ற பழைய வீடு இருக்கிறது. 1469-இல் போரில் இறந்த தாமஸ் வான் என்பவரும் அவருடைய கருநாயும் அங்கே ஆவியாக உலவுவதாகப் பழங்கதை. வான்களும் பாஸ்கர்வில்களும் சம்பந்தி உறவுக்காரர்கள். பாஸ்கர்வில் குடும்பத்தின் சின்னமே ரத்தம் சொட்டும் முறிந்த ஈட்டியைக் கவ்விய ஓநாய்த் தலை. நாவலில் வரும் மற்றப் பெயர்களையும் பாருங்கள். டாக்டர் மார்ட்டிமர் என்றால், மார்ட்டிமர்கள் இதே எல்லையை ஆண்ட பெருங்குடும்பம். 1461-இல் போர் நடந்த மார்ட்டிமர்ஸ் கிராஸ் பக்கத்தில்தான். ஸ்டேப்பிள்டன் என்றால், அந்தப் பெயரில் பாழடைந்த கோட்டை ஒன்று பிரெஸ்டீன் நகருக்கு அருகில் இருக்கிறது.

பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் நான் இதை முழுசாக ஏற்கவில்லை. நார்மன் குடும்பப் பெயர்கள் இங்கிலாந்தில் நீக்கமற நிறைந்தவை. எந்த மாவட்டத்தில் ஒரு வட்டம் போட்டாலும் அதற்குள் இரண்டு மூன்று சிக்கும். டெவனில் போட்டாலும் இதே அளவு பொருத்தம் காட்ட முடியும்: பக்ஃபாஸ்ட்லீ ஊரில் ரிச்சர்ட் கேபல் என்ற நிலப்பிரபுவின் சமாதி இருக்கிறது. 1677-இல் இறந்த கொடியவர் அவர். இறந்த இரவில் கருநாய்கள் ஊளையிட்டுக்கொண்டு வந்தன, அவர் எழுந்து வரக் கூடாதென்று சமாதியைச் சுற்றிக் கட்டடம் கட்டி இரும்புக் கம்பி போட்டார்கள் என்பது அந்த ஊர்க் கதை. நாவலில் வரும் கொடிய ஹ்யூகோ பாஸ்கர்வில்லுக்கு இவர் கிட்டத்தட்ட அச்சு. கதை டெவனிலிருந்து வந்திருக்கிறது, பெயர் டெவனில் வண்டியோட்டியவரிடமிருந்து வந்திருக்கிறது. அந்தப் பெயரின் பழைய வீடு ஹெரிஃபோர்ட்ஷயரில் என்பதால், நாய், ஓநாய்ச் சின்னம் எல்லாம் அங்கேயும் பொருந்திப் போகின்றன. டாயில் கிளைரோவுக்குப் போனதே இல்லை என்று நான் சொல்லவில்லை. நாவலை விளக்க அந்தப் பயணம் தேவைப்படவில்லை என்கிறேன்.

இதைவிட முக்கியமானது, பெயர் கதைக்குள் செய்யும் வேலை. பலர் இந்த நாவலை நாய்க் கதையாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். உண்மையில் இது ஒரு குடும்பப் பெயரை மறைத்த கதை. சர் சார்ல்ஸ் பாஸ்கர்வில் இறந்ததும் சர் ஹென்றிக்கு வரும் சொத்து ஏழு லட்சத்து நாற்பதாயிரம் பவுண்டு. அவருக்கு அடுத்த வாரிசு ஒருவன் இருக்கிறான், ஆனால் அது யாருக்கும் தெரியாது. சர் சார்ல்ஸின் தம்பி, தென்னமெரிக்காவில் இறந்துபோன ரோஜர் பாஸ்கர்வில்லின் மகன் அவன். பெயரை வேன்டிலர் என்று மாற்றி, பிறகு ஸ்டேப்பிள்டன் என்று மாற்றி, பூச்சி பிடிக்கும் அறிஞராகப் பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிறான். அவன் ஒரு பாஸ்கர்வில் என்பதை ஹோம்ஸ் கண்டுபிடிப்பது தடயத்தாலோ சாம்பலாலோ இல்லை. இரவு உணவு முடிந்து, மெழுகுவத்தியைத் தூக்கிப் பிடித்து, சுவரில் மாட்டிய ஹ்யூகோவின் பழைய ஓவியத்தைப் பார்க்கிறார். நாற்காலி மேல் ஏறி, வளைத்த கையால் ஓவியத்தின் தொப்பியையும் சுருள்முடியையும் மறைக்கிறார். மிச்சம் தெரிவது ஸ்டேப்பிள்டனின் முகம். பெயரை மறைத்தவனை முகம் காட்டிக்கொடுக்கிறது. பழைய நிலக் குடும்பத்தின் பெயர் இல்லாமல் இந்தக் காட்சி நிற்காது. ஸ்மித் என்றோ பிரவுன் என்றோ வைத்தால் ஓவிய வரிசையும் இல்லை, சாபமும் இல்லை, மாளிகையும் இல்லை. வண்டிக்காரரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அதில் கோட்டையின் வாசனையைப் பிடித்துவிட்டார் டாயில். நிஜத்தில் அந்தப் பெயர் எர்ட்ஸ்லி பிரபுவிடமிருந்து டெவன் வண்டிக்காரர்வரை இறங்கி வந்திருந்தது. நாவல் அதைத் திரும்ப மேலே ஏற்றிவிட்டது.

எழுத்துரு வேறு கிளை. ஜான் பாஸ்கர்வில் வுஸ்டர்ஷயரில் வூல்வர்லி என்ற கிராமத்தில் பிறந்தவர். கையெழுத்துப் பயிற்றுவித்தார், கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டினார், பர்மிங்ஹாமில் மெருகுத் தட்டுகள் செய்து பணம் பார்த்தார், ஐம்பது வயதை ஒட்டி அச்சுத் தொழிலில் இறங்கினார். 1757-இல் வர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டார். 1763-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக பைபிள். அவ்வளவு அழகான பைபிளை அச்சிட்டவர் மத நம்பிக்கை இல்லாதவர்; 1775-இல் இறந்தபோது தேவாலய மண்ணில் வேண்டாமென்று தன் தோட்டத்திலேயே புதைக்கச் சொன்னார். பிற்பாடு அந்த நிலத்தில் கால்வாய்ப் படகுத்துறை கட்டும்போது சவப்பெட்டி வெளியே வந்து, உடல் சில காலம் வேடிக்கைப் பொருளாகக் கிடந்தது. இது எனக்கு வருத்தம் தருகிற விஷயம். அவர் வீடு இருந்த இடத்தில் 1938-இல் எழுந்த கட்டடம்தான் பாஸ்கர்வில் ஹவுஸ். அதன் முன்னால் வெள்ளைக் கல் தூண்களின் மேல் அச்செழுத்து வார்ப்புபோல இடவலமாகத் திருப்பிய எழுத்துகளில் வர்ஜில் என்று நிற்கும். நாவலுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஜானோடு வாழ்ந்து பிற்பாடு மனைவியான சாரா ஈவ்ஸின் பெயரும் எழுத்துருவாகியிருக்கிறது: 1996-இல் சுசானா லிச்கோ வடிவமைத்த ‘மிஸஸ் ஈவ்ஸ்’. பாஸ்கர்வில் எழுத்துகளைத் தழுவியதற்கு அந்த அம்மாளின் பெயரை வைத்தது மிகச் சரியான காரியம்.

கடல் கடந்தும் பெயர் போயிருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மெக்லன்பர்க் கவுன்டியில் பாஸ்கர்வில் என்று ஒரு சிற்றூர் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு வெளியே, திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஸ்வான் பள்ளத்தாக்கில் இன்னொன்று. தாஸ்மேனியாவில் கார் பந்தயத் தடம் ஒன்றுக்கும் இதே பெயர்.

இங்கிலாந்திலோ பாஸ்கர்வில் என்று பேர் சொல்லும்படி ஊர் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு உம்பர்ட்டோ எக்கோவின் 1980 நாவலைப் படித்தால் ஒரு தனி ருசி கிடைக்கும். ‘தி நேம் ஆஃப் த ரோஸ்’ 1327-இல் இத்தாலிய மடாலயத்தில் நடப்பது. துப்பறிபவர் ஓர் ஆங்கிலேயப் பிரான்சிஸ்கன் துறவி, பெயர் பாஸ்கர்வில்லின் வில்லியம். அந்தக் காலத் துறவிக்கு ஊர்ப்பெயர்தான் அடையாளம், ஆகவே பாஸ்கர்வில் இங்கே ஓர் ஊர். நார்மண்டியில் ஊராகத் தொடங்கி, ஹெரிஃபோர்ட்ஷயரில் குடும்பமாகி, டாயிலிடம் கதையானது, எக்கோவிடம் மறுபடி ஊராகிவிட்டது. அதுவும் வரைபடத்தில் இல்லாத ஊர். இந்த வில்லியமின் பெயரைக் கேட்டதும் எந்த வாசகருக்கும் எர்ட்ஸ்லி நினைவுக்கு வராது, ஹோம்ஸ்தான் வருவார். எக்கோவுக்கு வேண்டியதும் அதுவே.

பிபிசியின் ‘ஷெர்லாக்’ தொடர் 2012-இல் இன்னும் ஒரு படி போனது. அதில் பாஸ்கர்வில் என்பது டார்ட்மூரில் இருக்கும் ராணுவ ஆராய்ச்சி நிலையம். ஹோம்ஸிடம் உதவி கேட்டு வருபவர் இப்போதும் ஹென்றிதான், ஆனால் ஹென்றி நைட். நைட் என்றால் சர் பட்டம் பெற்றவர். பழைய நாவலின் சர் பட்டம் இவருக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. பழைய ஹென்றியின் குடும்பப் பெயர் முள்கம்பி வேலி போட்ட ஓர் இடத்தின் பெயராகிவிட்டது.